வெட்டாத பிரதி

ஜூன் 4

அக்கா,

சுகமா என்று கேட்டு எழுத இப்போது நேரமில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் போட்டால் திறக்காமலேயே குப்பையில் தள்ளுவாய். அதனால்தான் காகிதம். கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார், "வரவே இல்லையே" என்று நீ சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். உங்கள் 'தரைக்குக் கீழே' தொடரின் நான்காவது பகுதியால் ஒருவருடைய வேலை போகப் போகிறது. அந்தப் பகுதியைத் தொகுத்தது நீ.

நாங்கள் 'கணீர்' என்று கூப்பிடும் ஓட்டுநரை நீ நேரில் பார்த்ததில்லை. ஆனால் உன் தொகுப்பு அறையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் அவர் முகத்தைப் பார்த்திருப்பாய். அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்கிறேன். சுரங்க ரயிலில் ஒரு விதி உண்டு. வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி, அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க ஆளே இல்லாத ஒற்றை அறையில், தன்னந்தனியாக. வெளியாட்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். கண் மட்டும் பார்த்தால் மனசு வேறெங்கோ போய்விடும். விரலும் வாயும் காதும் சேர்ந்தால் தவறு குறையும். அவ்வளவுதான் கணக்கு. பாதிப் பேர் வாய்க்குள் முனகிவிட்டுக் கிளம்புவார்கள். இவர் சொன்னால் நடைமேடையின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

உன் படத்தில் அந்த மனுஷி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வயலின் அழுகிறது. ஒரு விரல் அசையவில்லை, ஒரு வார்த்தை இல்லை.

போன வாரம், நல்ல மழை நாளில், வளைவுக்கு முந்தைய நிலையத்திலிருந்து அவர் வண்டியை எடுத்தார். வளைவைத் தாண்டினால் முன்னால் இன்னொரு வண்டி நிற்கிறது. பிரேக்கை முழுசாக இழுத்து, ஒரு பெட்டி நீளம்கூட மிச்சமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டார். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்தது. இந்தப் பழைய பாதையில் சிவப்பைத் தாண்டும் வண்டியைத் தானாக நிறுத்தும் கருவி இன்னும் வைக்கவில்லை. "பச்சை இருந்துச்சு, சொல்லிட்டுத்தான் எடுத்தேன்" என்கிறார் அவர். கட்டுப்பாட்டு அறையின் பதிவு சிவப்பு என்கிறது.

விசாரணை அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? உன் படத்தைப் போட்டுக் காட்டினார். "கேமரா முன்னாடியே கை நீட்டாதவங்க, கேமரா இல்லாதப்ப நீட்டியிருப்பாங்களா?" என்றார். கணீர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது நான் இல்லீங்க. என் மூஞ்சி மட்டும்தான்" என்றார்.

என்னைக் கேட்டால், அன்றைக்கு அவர் தப்பாகத்தான் பார்த்திருப்பார். சிக்னல் பொய் சொல்லாது. நான் அதைப் பழுது பார்க்கிறவன், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் தவறுக்குத் தண்டனை மறுபயிற்சி. நெடுநாள் அலட்சியத்துக்குத் தண்டனை வேலைநீக்கம். நடுவில் இருப்பது நீ வெட்டிப் போட்ட காட்சி. "வெட்டாத பதிவு என் அக்காகிட்ட இருக்கு, நான் கொண்டு வர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த விசாரணை இருபதாம் தேதி. அன்று அவர் ஓட்டிய பயணம் முழுவதையும் அனுப்பு. ஒரு வினாடிகூட வெட்டாமல்.

தம்பி

பி.கு. நாலு வாரமாக என் மூஞ்சி ஒரு தடவைகூட வரவில்லையே என்று அம்மா கேட்கிறாள். லீவு போட்டுவிட்டு உங்கள் ஆட்களோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். இப்படித் தெரிந்திருந்தால் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பேன்.


ஜூன் 8

அவசரக்குடுக்கைக்கு,

கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். கூரியர்காரர் "ரொம்ப அவசரம்னு எழுதியிருக்கும்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பயந்து கேட்டார். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன்.

எண்ணை ஏன் தடுத்தேன் என்று நீ ஒரு வரிகூடக் கேட்கவில்லை. முதல் பகுதி வந்த அன்று போனில் என்ன சொன்னாய்? "அடுத்தவன் மானத்தை வெட்டி ஒட்டித்தானே நீ பிழைக்கிற" என்றாய். உங்கள் ஆட்கள் பெஞ்சில் தூங்குவதைக் காட்டிக் கோமாளி இசை போட்டது நான் இல்லை, இயக்குநர். அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். நீ எப்போதுமே வைத்துவிடுவாய்.

அந்த ஓட்டுநரின் குரலை எடுத்தது நான்தான். மறைக்கவில்லை. சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார்கள். அவர் நிறத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒலிமானியின் முள் சிவப்புக்குப் போய் முட்டியது, குரல் கிழிந்து வந்தது. விரல் நீட்டுவதைப் பார்த்து அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றார் இயக்குநர். பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்களே என்றுதான் நானும் எடுத்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்தேன்டா. அந்த விதி பற்றி எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொன்னாயா?

நீ கேட்பது இப்போது என்னிடம் இல்லை. ஒளிபரப்பு முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடுவார்கள். அதுதான் எங்கள் வழக்கம். வேண்டுமானால் விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், குரலை எடுத்தது தொகுப்பாளர்தான் என்று. அதை வைத்துப் பார்.

அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். உன் முகம் ஏன் வரவில்லை என்று இனிமேல் கேட்காதே.

அக்கா


ஜூன் 10

அக்கா,

பொய் சொல்ல உனக்குத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே தெரியாது. பொய் சொல்லும்போது தேவையில்லாமல் ஒரு விளக்கம் சேர்ப்பாய். "அதுதான் எங்கள் வழக்கம்."

உங்கள் ஒலிப்பதிவாளரின் எண் என்னிடம் இருக்கிறது. போட்டுக் கேட்டேன். "அழிக்கிறதா? தொடர் முழுசா முடியற வரைக்கும் ஒரு துண்டுகூட அழிக்க மாட்டாங்களே, எல்லாம் உங்க அக்கா அலமாரியில்தான் இருக்கு" என்றார் அந்த நல்ல மனுஷன். பூட்டுச் சாவி உன் கழுத்தில் தொங்குகிறதாம்.

எதற்காக மறைக்கிறாய்? ஒப்பந்தமா? சேனலுக்குப் பயமா? வேலை போய்விடும் என்றால் நேராகச் சொல். இங்கேயும் ஒரு வேலைதான் போகிறது. அதுவாவது புரியும். வாயில் வந்ததைச் சொல்லி என்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றினால் புரியாது.

கடிதம் எழுதித் தருகிறாயாம். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் குரல் நீக்கப்பட்டது" என்று நீ எழுதினால், தம்பிக்காக அக்கா எழுதிய கடிதம் என்று அதை மடித்து மேஜைக்கால் ஆடாமல் இருக்க வைப்பார்கள். அவர்களுக்குப் படம் வேண்டும்.

கணீரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் தினமும் பணிமனைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை முடியும் நேரம்வரை ஓய்வறையில் உட்கார வேண்டும். வேலை கிடையாது, வீட்டுக்கும் போகக்கூடாது. ஓட்டுநர்கள் எல்லாரும் அவர் முன்னால்தான் பையை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போகிறார்கள். யாரும் கண்ணைப் பார்ப்பதில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன் அக்கா நல்லாத்தான்பா எடுத்திருக்கா" என்றார். "என் தலைமுடிகூட அழகாத் தெரியுது. வாயைத்தான் எங்கயோ கைமறதியா வச்சுட்டா."

"கொண்டு வந்துடுவேன் மேடம்."

"நிதானமா வா. எனக்கென்ன, மின்விசிறிக்குக் கீழ உக்கார வச்சிருக்காங்க." அப்புறம் குரலை இறக்கினார். அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "தம்பி, பச்சைதான்பா இருந்துச்சு. நீயாவது நம்புறியா?"

"பார்க்கலாம் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும்.

அனுப்பு. இன்னும் பத்து நாள்தான்.

தம்பி


ஜூன் 12

தம்பி,

சரி. உட்கார்ந்துகொண்டு படி. நடந்துகொண்டே படிக்காதே.

உன் முதல் கடிதம் வந்த அன்றே அலமாரியைத் திறந்து அந்தப் பயணத்தை முழுசாகப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு சிக்னலுக்கும் விரல் நீட்டுகிறார், ஒவ்வொன்றையும் சொல்கிறார். ஒன்றுகூட விடவில்லை. இதை மட்டும் கேட்டிருந்தாய் என்றால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். ஒப்பந்தமாவது, சேனலாவது.

வளைவுக்கு முந்தைய நிலையம். வண்டி நிற்கிறது. உங்கள் சிக்னல் அவர் முகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது போல, அதன் வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. சிவப்பு. அவர் விரல் நீட்டி "வளைவு, சிவப்பு!" என்கிறார். காத்திருக்கிறார். திடீரென்று கன்னம் பச்சையாகிறது. "வளைவு, பச்" என்று வாயெடுக்கிறார், முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு. கண் இமைக்கும் நேரம்தான். அவர் கையைக் கீழே இறக்கவே இல்லை. "என்னடா இது!" என்று தனக்குள் சொல்கிறார். அப்புறம் ஒழுங்காகப் பச்சை வருகிறது, சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்.

படத்தில் இது தெரியாது. முகத்தில் நிறம் மாறி மாறி விழுவது அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே தோல் நிறமாக ஆக்கியது நான்தான்.

கடைசி நிலையத்தில் நீ வருகிறாய். அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறாய். கேமரா ஓடுகிறது, உனக்கும் தெரியும், முடியைக் கோதிக்கொள்கிறாய். இனி நீங்கள் இருவரும் பேசியது, நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"தம்பி, வளைவு சிக்னலைக் கொஞ்சம் பாருப்பா. சிவப்புல நிக்கும்போது பச்சை கண்ணடிக்குது."

"உங்களைப் பார்த்தா?"

"ஆமா, என்னைப் பார்த்துத்தான். விளையாடாத."

"இந்த வயசுல உங்களைப் பார்த்து யார் மேடம் கண்ணடிப்பாங்க? கண்ணாடி போடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். சிரித்துவிட்டு, "இல்லப்பா, நிஜமா. எழுதிக்கோ" என்கிறார். "சரி சரி, பார்க்கிறேன்" என்கிறாய். உன் கையில் பேனாவும் இல்லை, நோட்டும் இல்லை.

அதற்கப்புறம் அந்தச் சிக்னலைப் பார்த்தாயா தம்பி?

அந்தக் காட்சிதான் அந்த நாள் எடுத்ததிலேயே உயிருள்ள காட்சி. இயக்குநர் அதை வைக்கச் சொன்னார். நான்தான் சண்டை போட்டு எடுத்தேன். சிக்னலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வயதான ஒரு பெண்ணைக் கேலி செய்கிற பையனாக உன்னை ஊர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அம்மா பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். படம் முழுக்க உன் முகம் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இப்போது சொல். அனுப்பவா?

அக்கா


ஜூன் 14

அக்கா,

ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஆனால் கேள். ஓட்டுநர்கள் தினமும் பத்துப் புகார் சொல்வார்கள். விளக்கு மங்கல், கண்ணாடியில் தூசு, எதிர் வெளிச்சம் பட்டு நிறம் மாறித் தெரிகிறது. தொண்ணூறு சதவீதம் ஒன்றுமில்லாதது. எல்லாவற்றுக்கும் ஓடினால் உண்மையான பழுதைப் பார்க்க ஆள் இருக்காது. சிக்னல் என்பது, ஏதாவது கெட்டால் சிவப்புக்குப் போகிற மாதிரி செய்யப்பட்ட பொருள். கம்பி அறுந்தால் சிவப்பு, மின்சாரம் போனால் சிவப்பு. பச்சைக்குத் தானாகப் போகாது. எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். கன்னத்தில் விழுந்த வெளிச்சம் ஆதாரமா? எதிர் நடைமேடை விளம்பரப் பலகையாக இருக்கலாம்.

அதனால் தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் அந்த உரையாடலுக்கும் இந்த விசாரணைக்கும் சம்பந்தமில்லை. அவருக்கு வேண்டியது விரலும் குரலும். அதை முழுசாகக் கொடு. கடைசி நிலையத்தில் நான் வருகிற அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடு. கன்னத்தில் நிறம் மாறுகிற இடத்தையும் படத்தில் செய்த மாதிரியே சரிசெய்துவிடு. வீணாகக் குழப்பும்.

எனக்கு இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை என்பது உனக்குத் தெரியும். புகாரைப் பதியாமல் விட்டால் எங்களுக்கு மன்னிப்பு கிடையாது.

பதினெட்டுக்குள் வந்து சேர வேண்டும்.

தம்பி


ஜூன் 16

தம்பி,

இதனுடன் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் சேமிப்பானில் இரண்டு பிரதி. பெயர் எதுவும் வைக்கவில்லை, ஒன்று, இரண்டு, அவ்வளவுதான். ஒன்று வெட்டாதது. இரண்டு நீ கேட்டது. சுத்தமாக வந்திருக்கிறது. பார்க்கிற யாருக்கும் தெரியாது. என் வேலை அதுதானே, அடுத்தவன் மானத்தை வெட்டி ஒட்டுவது. தம்பியின் மானத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனமாக வெட்டினேன்.

எதைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு "அக்காதான் சொன்னா" என்பாய். நானும் யோக்கியம் இல்லை. நாலு நாள் உனக்குப் பொய் சொன்னேன், அந்த அம்மா ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

உன் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிக்னல் பச்சைக்குத் தானாகப் போகாது என்று நீளமாக எழுதியிருக்கிறாய். போய்ப் பார்த்தேன் என்று எங்கும் எழுதவில்லை.

அந்தச் சிக்னலைப் பார்த்துத்தானே இன்றைக்கும் வண்டி போகிறது?

அக்கா


ஜூன் 22

அக்கா,

பெட்டி பதினெட்டாம் தேதி காலையில் வந்தது. உன் கடைசி வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் வளைவு நிலையத்துக்குப் போனேன். ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வந்து உனக்கு நாலு வரி உறைக்கிற மாதிரி எழுதலாம் என்று.

நடைமேடையின் நுனியில் நின்றேன். சிக்னல் சிவப்பு. வண்டி வந்தது, பச்சை, போனது, மறுபடி சிவப்பு. பெட்டிப் பாம்பு மாதிரி ஒழுங்காக இருந்தது. திரும்பினேன். அங்கே பம்ப் அறையில் வேலை பார்க்கிறவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை அந்த பம்ப்தான் வெளியே தள்ளுகிறது.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா அதையே முறைக்கிற?"

"சும்மா. அந்தப் பக்கத்துச் சுவர் எப்பவும் இப்படி ஈரமா இருக்குமா?"

"மழை ஆரம்பிச்சா பம்ப் விடாம ஓடும். மத்த நாள்ல நினைச்சா நினைச்ச நேரம் ஓடி உடனே நின்னுடும்."

என் கேபிளும் அவர் கேபிளும் அந்த ஈரச் சுவரில் ஒரே பெட்டிக்குள் போகின்றன. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்ததில்லை. "ஒரு தடவை ஓட விடுங்க" என்றேன். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது.

சிக்னல் பச்சையானது.

வண்டி வரவில்லை, கட்டளை வரவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. ஈரத்தின் வழியாக பம்ப்பின் மின்சாரம் பச்சை விளக்கின் கம்பிக்குள் ஏறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரிய வேண்டும் என்று அந்தப் பெட்டி செய்யப்பட்டிருப்பதால், பச்சை வந்ததும் சிவப்பு தன்னால் அணைகிறது. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். "வளைவு உங்க திரையில என்ன காட்டுது?" "சிவப்பு. ஏன்?" அவர்கள் பதிவில் இருப்பது சிக்னலுக்கு இடப்பட்ட கட்டளை. விளக்கு என்ன காட்டியது என்பது அதில் இல்லை. அதைப் பார்ப்பது ஓட்டுநரின் கண் மட்டும்தான்.

அக்கா, அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கிடைத்தால் ஈரத்தைத் துடைத்து, கம்பியைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். பழுதும் இருக்காது, சுவடும் இருக்காது. உன் இரண்டாம் பிரதி போதும். அவருக்கு மறுபயிற்சி, எனக்கு ஒன்றுமில்லை. தூரத்தில் அடுத்த வண்டியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன், பம்ப்காரரிடம். அப்புறம் போனில், "வளைவு சிக்னலை நம்பாதீங்க. எல்லா வண்டியையும் நிறுத்துங்க."

"யாருப்பா நீ? காரணம்?"

"சிவப்புக்குப் பதிலா பச்சை காட்டுது."

எங்கள் தொழிலில் யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அது. சிக்னலை அணைத்து, பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்தோம். பாதை முழுக்க வண்டிகள் நின்றன. பயணிகள் என்னைத் திட்டிய திட்டு உன் மைக்கில் ஏறினால் முள் உடைந்திருக்கும்.

ஆனால் அதற்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். "தம்பி கண்டுபிடிச்சுட்டான்" என்று தோளில் தட்டினார்கள். இருபதாம் தேதி விசாரணை அறைக்குள் போகும்போது அதிகாரி எழுந்து கை கொடுத்தார். இரண்டாம் பிரதியைப் போட்டேன். ஆமாம், இரண்டாவதைத்தான் போட்டேன். விரல், குரல், எல்லாம் கணீரென்று வந்தது. பழுதும் நிரூபணம் ஆகிவிட்டது, அவர் பழக்கமும் நிரூபணம் ஆகிவிட்டது, இதற்கு மேல் என்ன என்று நினைத்தேன்.

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தப் பழுது அன்னைக்கு மழையில வந்ததா, முன்னாடியே இருந்ததா? நீங்க எப்பவாவது கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்" என்றார் கணீர். "படம் எடுக்க வந்தாங்களே, அன்னைக்கு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்லீங்க" என்றார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "பழுதை முன்கூட்டியே கண்டும் ஓட்டுநர் தெரிவிக்கத் தவறினார்." பேனா ஓடும் சத்தம் கேட்டது. கணீர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உன் படத்தில் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி.

"சார், எழுதாதீங்க" என்றேன். "இன்னொரு பிரதி இருக்கு."

முதலாவதைப் போட்டேன். கன்னத்தில் சிவப்பு, பச்சை, சிவப்பு. அப்புறம் கதவில் சாய்ந்துகொண்டு நான். முடியைக் கோதுகிறேன். எல்லாம் ஓடியது. உங்கள் ஆட்களின் சிரிப்பு அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. "இது யாரு?" என்று அதிகாரி கேட்டார். திரையில் என் முகம் சுவர் அளவுக்கு இருக்கிறது, எதிரில் நான் நிற்கிறேன், விதிப்படி கேட்டாக வேண்டும் போல. "நான்தான்" என்றேன்.

கணீர் திரையைச் சாய்ந்து பார்த்தார். "நல்ல வெளிச்சத்துல எடுத்திருக்காங்க" என்றார். "மூஞ்சி தெளிவாத் தெரியுது."

அவரை மறுநாளே வண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைச் சிக்னல் பக்கமே வரக்கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓய்வறை, மின்விசிறி, கையெழுத்து. என்ன முடிவு வரும் என்று தெரியாது. மற்ற நிலையங்களில் உள்ள ஈரப் பெட்டிகளையெல்லாம் திறந்து பார்க்கிறார்கள். இன்னும் இரண்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் ஒன்று நான் போன மாதம் 'சரியாக இருக்கிறது' என்று சொன்னது.

மூலப் பதிவை எனக்குக் கொடுத்ததற்காக உன்னைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டதாக ஒலிப்பதிவாளர் சொன்னார். நீ சொல்லவில்லை. போனில் நான் அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால் சொல், உன் தொழிலில் இருக்குமே. அம்மா கேட்டால், என் முகம் வந்தது, பத்துப் பேர் பார்த்தார்கள் என்று சொல். என்ன பேசினேன் என்று மட்டும் நானே வந்து சொல்கிறேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வளைவு நிலையத்துக்குப் போனேன். சிக்னல் இன்னும் அணைந்துதான் இருக்கிறது. அதன் கீழே ஒரு ஊழியர் கைவிளக்குடன் நிற்கிறார். கணீரின் வண்டி வந்து நின்றது. கைவிளக்கு பச்சையானதும் விரலை நீட்டி, "வளைவு, பச்சை!" என்றார். கடைசி பெஞ்சில் இருந்த ஆள் எழுந்து உட்கார்ந்தான்.

வண்டியை எடுக்கவில்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. என்ன நிறம்?"

"பச்சை, மேடம்."

"விரல் எங்க?"

நீட்டினேன். நடைமேடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தான்.

"கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். அப்புறம்தான் எடுத்தார்.

தம்பி